சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க: பிளஸ் டூவிலிருந்து முதல் வேலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பொறியியல் கவுன்சலிங்கில் சாய்ஸ் போட உட்காரும்போது 'சுற்றுச்சூழல் பொறியியல்' என்று தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் பக்கம் பக்கமாகக் கல்லூரிகள் வரும்; இதற்கு வருவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைப் பார்த்துவிட்டு "இந்தத் துறைக்கே மவுசு இல்லை போல" என்று முடிவுகட்டி விடாதீர்கள். தமிழ்நாட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும், குடிநீர்த் திட்டங்களிலும், சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இருக்கும் பொறியாளர்களில் பெரும்பாலோர் இளநிலையில் சிவிலோ கெமிக்கலோ படித்தவர்கள். இந்தத் துறைக்குள் நுழைகிற வாசல் வேறு பெயர்ப்பலகையோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

படிப்பின் உள்ளடக்கத்தைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மரம் நடுதல், விழிப்புணர்வுப் பேரணி, பிளாஸ்டிக் ஒழிப்பு உறுதிமொழி எல்லாம் நல்ல காரியங்கள்தான், ஆனால் அவற்றுக்கும் இந்தப் பாடத்திட்டத்துக்கும் சம்பந்தம் குறைவு. இங்கே நான்கு வருடமும் கேட்கப்போவது ஒரே கேள்வி: உள்ளே வந்தது எங்கே போனது? தண்ணீரோ, உப்போ, குரோமியமோ, புகையோ, எதுவாக இருந்தாலும் வரவும் செலவும் மீதியும் வீட்டுக் கணக்குப் போல ஒத்துப்போக வேண்டும். இதற்கு மாஸ் பேலன்ஸ் என்று பெயர். இந்தக் கணக்கில் ஆர்வம் வந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். வராவிட்டால் எவ்வளவு பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கஷ்டம்தான்.

படி 1: எந்த வாசல்?

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். நான்காவது பாடம் உயிரியலாக இருந்தால் நல்லது. மூன்றாம் ஆண்டில் நுண்ணுயிரியல் வரும்போது முழிக்க வேண்டியிருக்காது. தமிழ்நாடு கவுன்சலிங்கின் கட் ஆஃப் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர் என்றால் 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டையும், அதில் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நேரடியாக இளநிலையிலேயே சுற்றுச்சூழல் பொறியியல் வேண்டும் என்றால் ஜே.இ.இ. எழுதி தன்பாத் ஐ.ஐ.டி.க்கோ, டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கோ போகலாம். இரண்டிலும் பி.டெக். பட்டமே அந்தப் பெயரில் கிடைக்கும். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சில கல்லூரிகளில் பி.இ. ஆகவும் இருக்கிறது.

இருந்தாலும் என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் வேலை பார்க்க நினைப்பவர் இளநிலையில் சிவிலோ கெமிக்கலோ எடுப்பதே புத்திசாலித்தனம். காரணம் படிப்பின் தரத்தில் இல்லை, அரசு அறிவிக்கையில் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியமும் சென்னைக் குடிநீர் வாரியமும் உதவிப் பொறியாளர்களை எடுக்கும்போது சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டுத்தான் கேட்பார்கள். உங்கள் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், பாடங்களில் முக்கால்வாசி ஒன்றுதான் என்று வாதாடிப் பயனில்லை. சாய்ஸ் போடுவதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, கடந்த சில ஆண்டுகளின் பழைய அறிவிக்கைகளை எடுத்து 'கல்வித் தகுதி' என்ற பத்தியை மட்டும் படியுங்கள். நான்கு வருடத்துக்கு அப்புறம் படித்துவிட்டு வருத்தப்படுவதைவிட இது மேல்.

சிவிலா கெமிக்கலா என்ற அடுத்த குழப்பத்துக்கு ஒரு தோராயமான விடை உண்டு. ஊருக்குக் குடிநீர், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், குப்பைக் கிடங்கு என்று நகரத்தின் பக்கம் மனம் போனால் சிவில். தொழிற்சாலைக் கழிவுநீர், புகைபோக்கி, ரசாயனம் என்று போனால் கெமிக்கல். சிவில் படித்தவருக்கு குழாயும் தொட்டியும் கைவந்துவிடும், தொட்டிக்குள் நடக்கும் வேதிவினையில் தடுமாறுவார். கெமிக்கல் படித்தவருக்கு வினை புரியும், மண்ணைத் தோண்டினால் என்ன ஆகும் என்று தெரியாது. முதுநிலை வகுப்பில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று நோட்ஸ் மாற்றிக்கொள்வதுதான் அந்த இரண்டு வருடத்தின் சுவாரசியமே.

படி 2: முதல் இரண்டு ஆண்டு, எதை விடக்கூடாது

எதை விட்டாலும் வகைக்கெழுச் சமன்பாடுகளை விடாதீர்கள். ஆற்றில் கழிவு கலந்தபின் கரைந்த ஆக்சிஜன் எப்படிக் குறைந்து, எங்கே அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடி எப்படி ஏறுகிறது என்பதை ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-இல் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை வைத்து எழுதினார்கள். அந்தச் சமன்பாடு இன்றைக்கும் தேர்வுத்தாளில் வருகிறது. அதன் பின்னால் இருப்பது இரண்டாம் பருவத்தில் நீங்கள் அரைமனதாகக் கடந்த அதே முதல்வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்னும் வேகம் ஒருபக்கம், காற்றிலிருந்து ஆக்சிஜன் கரையும் வேகம் மறுபக்கம்.

வேதியியலில் அமில-காரச் சமநிலை, காரத்தன்மை, கடினத்தன்மை, ஆக்சிஜனேற்ற வினைகள். பள்ளியில் நார்மாலிட்டி கணக்கைத் தவிர்த்தவர்கள் இங்கே மாட்டுவார்கள். நீரியலில் பெர்னூலி, மேனிங் சூத்திரம், பம்ப் கணக்கு. பாதாளச் சாக்கடைக் குழாயில் ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் மணலும் கசடும் அடியில் படியும் என்று படிப்பீர்கள். அந்த ஓர் எண்ணுக்காகத்தான் குழாயின் சரிவே முடிவாகிறது. சரிவு கூடினால் பள்ளம் ஆழமாகும், பள்ளம் ஆழமானால் செலவு ஏறும், நிலத்தடி நீர் பொங்கும், பிறகு நடுவில் ஒரு பம்பிங் ஸ்டேஷன். சென்னை போன்ற தட்டையான ஊரில் இவ்வளவு பம்பிங் ஸ்டேஷன்கள் ஏன் என்ற கேள்விக்கு விடை இந்த வரியில் இருக்கிறது.

நில அளவையும் வரைபடமும் சலிப்பாக இருக்கும். இருக்கட்டும், பாஸ் பண்ணிவிடுங்கள்.

படி 3: லேபில் கையை நனையுங்கள்

இந்தப் படிப்பில் லேப் என்பது ரெக்கார்ட் நோட்டை நிரப்பும் சடங்கு அல்ல. பி.ஓ.டி. பரிசோதனை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். கழிவுநீரில் உள்ள கரிமப்பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதே பி.ஓ.டி.

300 மில்லி கொள்ளும் கண்ணாடிக் குடுவைகள் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காற்றேற்றி, பாஸ்பேட், மெக்னீசியம், கால்சியம், இரும்பு உப்புகள் சேர்த்த நீர்ப்புத் தண்ணீரை (மாதிரியை நீர்க்கச் செய்யும் தண்ணீர்) நிரப்பி, அதில் 6 மில்லி சாக்கடை நீரைச் சேர்க்கிறீர்கள். மூடியைச் செருகும்போது உள்ளே ஒரு காற்றுக்குமிழ்கூட நிற்கக் கூடாது. குடுவையின் கழுத்தைத் தட்டி விரட்ட வேண்டும். ஒரு குடுவையை உடனே சோதிக்கிறீர்கள், இன்னொன்று இன்குபேட்டருக்குள் போகிறது.

சோதிக்கும் முறை விங்க்லர் முறை. மாங்கனஸ் சல்பேட் 2 மில்லி, கார அயோடைடு அசைடு 2 மில்லி, இரண்டும் பிப்பெட்டின் நுனி தண்ணீருக்குள் முங்கியபடி. மூடித் தலைகீழாகத் திருப்பினால் பழுப்பு நிறத்தில் பஞ்சுபோல ஒரு படிவு திரளும். படிவு வெள்ளையாகவே நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். அடர் கந்தக அமிலம் 2 மில்லி விட்டதும் படிவு கரைந்து மஞ்சளாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் சேர்த்தால் நீலம் பூக்கும். அந்த நீலம் மறையும் சொட்டுதான் முடிவுப் புள்ளி. அவசரக்காரர்கள் இரண்டு சொட்டு கூடுதலாக விட்டுவிடுவார்கள். நீர்ப்பு ஐம்பது மடங்கு என்பதால் அந்தத் தவறும் ஐம்பது மடங்காகும்.

கணக்கு இப்படி வரும்: தொடக்கத்தில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 7.8 மி.கி., கடைசியில் 3.6. குறைந்தது 4.2. 300-இல் 6 மில்லி என்பதால் 50-ஆல் பெருக்க, பி.ஓ.டி. லிட்டருக்கு 210 மி.கி. கடைசி அளவு 1-க்குக் கீழே போயிருந்தாலோ, குறைந்த அளவு 2-கூட இல்லை என்றாலோ அந்தக் குடுவையின் விடையை ஏற்கக் கூடாது. அதனால்தான் ஒரே மாதிரிக்கு மூன்று நான்கு நீர்ப்புகள் வைக்கச் சொல்கிறார்கள்.

அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் இந்தப் பரிசோதனை 20 டிகிரியில் ஐந்து நாள். இந்திய முறையில் 27 டிகிரியில் மூன்று நாள். நம் தட்பவெப்பத்துக்கு இதுதான் தோது. அதோடு வெள்ளிக்கிழமை வைத்தால் திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்ற வசதியும் உண்டு. (சனி, ஞாயிறு யாரோ மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துகிறேன் என்று இன்குபேட்டரை அணைத்துவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். சுவிட்சின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவையுங்கள்.) நேர்காணலில் "ஐந்து நாளா, மூன்று நாளா?" என்று கேட்பார்கள். வெப்பநிலையைச் சேர்த்துச் சொல்பவர் லேபுக்குள் போனவர்.

இதே கவனத்தோடு கற்க வேண்டியது கலங்கல் நீரைத் தெளியவைக்க எவ்வளவு படிகாரம் வேண்டும் என்று பார்க்கும் ஜார் டெஸ்ட், சி.ஓ.டி. (ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றம் செய்து அளக்கும் ஆக்சிஜன் தேவை), எஞ்சிய குளோரின், கோலிஃபார்ம் பாக்டீரியா எண்ணிக்கை. குடிநீர்த் தரத்துக்கான ஐ.எஸ். 10500 அட்டவணையில் பத்துப் பதினைந்து எண்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: லிட்டருக்கு மி.கி. கணக்கில் டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு) 500, வேறு ஆதாரம் இல்லாதபோது 2000 வரை, ஃபுளோரைடு 1.0, அதிகபட்சம் 1.5, நைட்ரேட் 45. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏன் வந்தது என்று யாராவது கேட்டால், அந்த ஃபுளோரைடு எண்ணிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

படி 4: ஒரு ஊருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

மூன்றாம் ஆண்டில் குடிநீர் வழங்கலும் கழிவுநீரும் தனித்தனிப் பாடமாகவோ சேர்ந்தோ வரும். அதைப் பாடமாக மட்டும் படிக்காமல் உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.வின் கையேடு, பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்கிறது. மக்கள்தொகை ஒரு லட்சம் என்றால் ஒரு கோடியே 35 லட்சம் லிட்டர், அதாவது 13.5 எம்.எல்.டி. (நாளுக்கு மில்லியன் லிட்டர்). அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்தால் 10.8 எம்.எல்.டி. பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மி.கி. என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு நிலையத்துக்குள் நுழைவது 2,700 கிலோ பி.ஓ.டி. வெளியேறும் நீரில் 30 மி.கி. இருக்கலாம் என்றால் 324 கிலோ ஆற்றுக்குப் போகும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்ன 10 மி.கி. என்றால் 108 கிலோ.

நீக்கிய இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோ எங்கே போனது? ஒரு பகுதி கரியமில வாயுவாகக் காற்றுக்கு. இன்னொரு பகுதி நுண்ணுயிர்களின் உடம்பாக, அதாவது சேறாக, தொட்டியின் அடியில். அந்தச் சேற்றைத் தினமும் எடுத்து, தண்ணீரைப் பிழிந்து, லாரியில் ஏற்றி எங்காவது கொண்டுபோக வேண்டும். நாட்டில் பல நிலையங்கள் திணறுவது தண்ணீரைச் சுத்தம் செய்வதில் அல்ல, இந்தச் சேற்றை என்ன செய்வது என்பதில்தான். டிசைன் ப்ராஜெக்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் காற்றேற்றத் தொட்டியை அழகாக வரைந்துவிட்டு, சேற்றுக்கு ஒரு அம்புக்குறி போட்டு 'அகற்றப்படும்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். உங்கள் அறிக்கையில் அந்த அம்புக்குறியின் மறுமுனையை எழுதுங்கள். வைவாவில் அது ஒன்றே போதும்.

படி 5: நேரில் போய்ப் பாருங்கள்

கல்லூரி ஏற்பாடு செய்யும் தொழிற்சாலைப் பார்வை பெரும்பாலும் செல்ஃபியிலும் மதிய பிரியாணியிலும் முடியும். நீங்களே துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கி, இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. சென்னையில் என்றால் கொடுங்கையூர், கோயம்பேட்டில் கழிவுநீரை ஆர்.ஓ. வரை கொண்டுபோய்த் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் தலா 45 எம்.எல்.டி. நிலையங்கள் 2019 முதல் இருக்கின்றன. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம் 1914-இல் தொடங்கியது. காற்றூட்டி வளர்த்த நுண்ணுயிர்ச் சேற்றைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யும் 'செயலூட்டப்பட்ட சேறு' என்ற முறையை ஆர்டர்னும் லாக்கெட்டும் மான்செஸ்டரில் அறிவித்ததும் அதே 1914-இல்தான். இன்றைக்கு நம் ஊர் எஸ்.டி.பி.க்களில் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில்) பாதிக்குமேல் ஓடுவது அந்த முறை அல்லது அதன் வாரிசுகள்.

போகும் இடத்தில் ஆபரேட்டரிடம் பேசுங்கள். காற்றேற்றத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் சிலிண்டரில் கலவையை மொண்டு, அரை மணி நேரம் அசையாமல் வைத்து, சேறு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். 300 மில்லியில் நின்றால் முகத்தில் நிம்மதி. 600-க்கு மேல் நின்றால் தொட்டிக்குக் காற்றூதும் ப்ளோயரைப் பார்க்கப் போவார், இல்லை மேனேஜருக்கு போன் போடுவார். புத்தகத்தில் சேறு எவ்வளவு நன்றாகப் படிகிறது என்று சொல்லும் எஸ்.வி.ஐ. என்று ஒரு சூத்திரம் இருக்கிறதே, அது இந்தச் சிலிண்டர்தான்: 300 மில்லி, எம்.எல்.எஸ்.எஸ். (கலவையில் மிதக்கும் திடப்பொருள்) லிட்டருக்கு 3,000 மி.கி. என்றால் எஸ்.வி.ஐ. 100. நல்ல சேறு.

திருப்பூர் போகாமல் இந்தப் படிப்பை முடிக்காதீர்கள். பனியனுக்குச் சாயமேற்றும்போது சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும், நிறைய வேண்டும். சாயத்தின் நிறத்தையும் கரிமப்பொருளையும் நுண்ணுயிரும் ரசாயனமும் ஓரளவு பார்த்துக்கொள்ளும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. ஆண்டுக்கணக்கில் அது நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையானது, கீழே இருந்த தென்னையும் மஞ்சளும் கருகின. விவசாயிகள் வழக்குப் போட்டுப் போட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு வராத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

அதன்பிறகு வந்ததுதான் இன்று அங்கே நீங்கள் பார்க்கப்போவது. உயிரியல் தொட்டி, அதற்கு அடுத்து வரிசையாக ஆர்.ஓ. சவ்வுகள், மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சும் ஆவியாக்கிகள், கடைசியில் உப்பு. தண்ணீரில் பெரும்பகுதி மறுபடி பட்டறைக்கே போகிறது. உப்புக் கரைசலையும் முடிந்த அளவு சாயமேற்றவே திருப்பி எடுக்கிறார்கள். ஆனால் பலவகை உப்பும் கலந்து எதற்கும் உதவாமல் மிஞ்சும் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கும். ஆவியாக்கிக்கு எரிக்கும் விறகும் மின்சாரமும் தனிச் செலவு. ஆற்றைக் காப்பாற்றினோம், உப்பை அழிக்கவில்லை; இடம் மாற்றி, திடமாக்கி, காவலுக்கு வைத்திருக்கிறோம். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு மாஸ் பேலன்ஸ் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் மேன்ஹோலுக்குள்ளோ, கழிவுநீர்க் கிணற்றுக்குள்ளோ தலையை நீட்டாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாசனை போயிடுச்சு, இறங்கலாம்" என்று இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் சேர்ந்து செத்த செய்திகளை வருடந்தோறும் படிக்கிறோம். சாக்கடையில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாளைக்கு நீங்கள் சைட் இன்ஜினியராக நிற்கும்போது, "அஞ்சு நிமிஷ வேலை சார்" என்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டியது நீங்கள்தான்.

படி 6: சட்டத்தையும் படியுங்கள்

1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், போபாலுக்குப் பின் வந்த 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. இந்த நான்கும் அடித்தளம். வகுப்பில் ஒரு யூனிட்டாக ஓடிவிடும். வேலைக்குப் போன பிறகு பாதி நாள் இதிலேயே கழியும்.

படிக்கும் முறை: ஏதாவது ஒரு தொழிற்சாலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையை, அதாவது இயங்குவதற்கான அனுமதியை, தேடி எடுங்கள். மாசுபடுத்தும் அளவைப் பொறுத்துப் பிரித்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சை போன்ற வகைகளில் அது எதில் வருகிறது, எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், எவ்வளவு வெளியேற்றலாம், எந்த எந்த அளவுருக்கள் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். பிறகு 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பைப் படியுங்கள். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கு அது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், முன்னெச்சரிக்கையே முதல் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டின் சட்டத்தில் அங்கம் என்று நீதிமன்றம் சொன்னது அங்கேதான். நம் பக்கத்து ஆறு ஒன்று நாடு முழுவதற்கும் சட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறது. பாலாறு மட்டும் அதனால் பெரிதாகத் தேறிவிடவில்லை.

படி 7: காற்று, குப்பை, கணினி

காற்று மாசுப் பாடத்தில், புகைபோக்கிப் புகை எப்படிப் பரவும் என்று கணக்கிடும் காசியன் ப்ளூம் சூத்திரத்தைப் போட்டுப் பழகுங்கள். ஆனால் அது கடலோரத்தில் அப்படியே பொருந்தாது என்பதும் தெரிய வேண்டும். எண்ணூர் மாதிரி இடத்தில் பகலில் கடற்காற்று உள்ளே வரும்போது, உயரமான புகைபோக்கியின் புகைகூடச் சற்றுத் தூரம் போய்த் தரைக்கு இறங்கிவிடும். திடக்கழிவுக்குப் பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகளின் பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும்) வேலையைப் பற்றிப் படியுங்கள். பெருங்குடிக் கிடங்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது, அதுவே ஒரு பாடம்.

மென்பொருளுக்குப் பணம் கட்டிக் கோர்ஸ் சேர வேண்டாம். குடிநீர்க் குழாய் வலைக்கு எபாநெட், மழைநீருக்கு ஸ்வம், ஆற்று வெள்ளத்துக்கு ஹெக்-ராஸ், வரைபடத்துக்கு கியூஜிஸ் எல்லாமே இலவசம். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளும் இலவசம். எக்செல் நன்றாகத் தெரிந்தால் மற்றவை பின்னால் வரும்.

படி 8: கேட் தேர்வும் முதுநிலையும்

இந்தத் துறையில் முதுநிலை கிட்டத்தட்டக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான அகில இந்தியத் தேர்வான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கு 'இ.எஸ்.' என்று தனித் தாளே இருக்கிறது. சிவில் தாளிலும் இந்தப் பகுதி உண்டு. 65 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். எந்தத் தாளை எழுதுவது என்பதை நீங்கள் குறிவைக்கும் கல்லூரிகளின் தகுதிப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிவில்காரர் சிவில் தாளையே எழுதினால் மற்றக் கதவுகளும் திறந்திருக்கும். இ.எஸ். தாளில் சூழலியல், நுண்ணுயிரியல், காற்று, ஒலி எல்லாம் ஆழமாகக் கேட்பார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் இது சிவில் துறையின் ஒரு பிரிவு, பம்பாய் ஐ.ஐ.டி.யில் தனித் துறையே இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக். உண்டு. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் நம் மாநிலத்தில் இந்தத் துறையின் தாய்வீடு. கேட் எழுதாதவர்கள் தமிழ்நாட்டில் சீட்டா என்ற மாநில நுழைவுத் தேர்வு வழியாகவும் எம்.இ. சேரலாம். ஆனால் கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழியுண்டு. வீட்டில் பணம் கேட்கத் தயங்குகிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆய்வுத் தலைப்பை எடுக்கும்போது நானோ, கிராஃபீன் என்று பெயரில் மயங்காதீர்கள். கருவி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, ஓடுகிறதா, மாதிரி எடுக்கப் போய்வர எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு வழிகாட்டியிடம் ஒப்புக்கொள்ளுங்கள். நாக்பூரில் 1958 முதல் இருக்கும் நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகத்துக்குச் சென்னை தரமணியிலும் ஒரு மையம் இருக்கிறது. கோடை இன்டர்ன்ஷிப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.

வெளிநாடு என்றால் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் 'வேஸ்ட்' முதுநிலைப் படிப்பும், நெதர்லாந்தின் ஐ.எச்.இ. டெல்ஃப்டும் இத்துறையில் பேர்பெற்றவை. ஜெர்மனி இலவசம் என்று கேள்விப்பட்டு ஓடாதீர்கள். ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலம் ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது, விசாவுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும்.

படி 9: முதல் வேலை

மூன்று வழி கண்முன் நிற்கும். அரசு வாரியங்கள்: தேர்வு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்காக வேலைக்குப் போகாமல் வருடக்கணக்கில் உட்காராதீர்கள். ஆலோசனை நிறுவனங்கள்: சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிப்பது இவர்கள் வேலை, இப்படிப்பட்ட நிறுவனங்களைத் தரம்பார்க்கும் நாபெட் அமைப்பின் அங்கீகாரம் உள்ள நிறுவனமா என்று பார்த்துச் சேருங்கள். இங்கே ஒரு ஆபத்தும் உண்டு. பழைய அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. தென் மாவட்டத் திட்டத்துக்கு எழுதிய அறிக்கையில் வட இந்தியப் பறவைகள் பறந்த கதைகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் கற்றதும் மறந்துவிடும்.

மூன்றாவது, நிலையங்களைக் கட்டி இயக்கும் நிறுவனங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வாபாக் முதல் சிறு ஒப்பந்ததாரர்கள் வரை. சம்பளம் தொடக்கத்தில் ஐ.டி. நண்பர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வயிறு எரியும், இரவு ஷிப்ட் வரும், சட்டையில் வாசனை ஒட்டும். இருந்தும் முதல் இரண்டு வருடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு நிலையத்தைக் கோடையிலும் மழையிலும் ஓட்டிப் பார்த்தவர் பின்னால் டிசைனுக்குப் போனாலும் வாரியத்துக்குப் போனாலும், வரைபடத்தைப் பார்த்ததுமே வால்வைத் திறக்க ஆள் நிற்க இடமிருக்கிறதா என்று கேட்பார்.

நேர்காணலுக்குப் போகும்போது மூன்று விஷயத்துக்காவது வாய்திறந்து பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் ப்ராஜெக்டில் சேறு எங்கே போனது. பி.ஓ.டி.யை விட சி.ஓ.டி. ஏன் எப்போதும் அதிகம், அந்த விகிதம் திடீரென்று மாறினால் எதைச் சந்தேகிப்பீர்கள். இவை சுலபம். மூன்றாவதுதான் வடிகட்டும் கேள்வி: "நேற்றுவரை 300-இல் நின்ற சேறு இன்று 700-இல் நிற்கிறது, என்ன செய்வீர்கள்?" உடனே "ரசாயனம் போடுவேன்" என்று சொல்பவரை அனுப்பிவிடுவார்கள். "முதலில் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பேன், நேற்று உள்ளே வந்த கழிவுநீரின் பதிவேட்டைக் கேட்பேன், ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து இழைப் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்ப்பேன்" என்று வரிசையாகச் சொல்பவரிடம், எப்போது வந்து சேர முடியும் என்று கேட்பார்கள்.